உடன் செல்ல ஒருவர்

தன் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று நெடுங்காலம் போராடினார். 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த ஒரு பெண்ணின் வேதனைதான் அதற்கு விதை.

இன்று இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். அக்டோபர் வந்தால் விழிப்புணர்வு நடைப்பயணங்கள் நடக்கின்றன. 'தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம்' என்பது முழக்கம். சரியான முழக்கம்தான். ஆனால், எலும்புக்கோ கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ நோய் பரவிவிட்ட பெண்ணின் காதில் அது குற்றச்சாட்டாக அல்லவா ஒலிக்கும்? முறையாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்புவதுண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். பார்க்க வருவோர் எல்லாரும் கேட்பது, சிகிச்சை எப்போது முடியும் என்பதுதான். அது முடியாது. நோயைக் கட்டுக்குள் வைக்க மருந்து தொடர வேண்டும். ஒன்று பயனற்றுப் போனால் மற்றொன்று. இப்படிப் பல ஆண்டுகள் வாழ்வோர் உண்டு.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் என் கண் செலவின் மீதே செல்கிறது. அறுவை சிகிச்சை ஒருமுறைச் செலவு. இதுவோ மாதந்தோறும் வரும் செலவு. பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் படுப்பதைக் கணக்கில் கொண்டவை. வீட்டில் விழுங்கும் மாத்திரைக்கு அவற்றில் இடம் குறைவு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வழங்குகிறது. அதற்கான ஆண்டு வருமான வரம்பு ரூ.72 ஆயிரத்திலிருந்து ரூ.1.20 லட்சமாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. எனினும், மாதம் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் ஈட்டும் தியாகராய நகர் ஜவுளிக் கடை ஊழியர்கூட அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுவார்.

மருந்து விலை குறையவே குறையாது என்பதில்லை. பால்போசிக்லிப் மாத்திரையின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததும் இந்திய நிறுவனங்கள் அதைத் தயாரித்தன. விலை பெருமளவு சரிந்தது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் உள்ளிட்ட மூன்று மருந்துகளுக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது. ஆனாலும் அவை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனியே. வரியைவிடப் பெரிய தடை காப்புரிமை.

எந்த ரசீதிலும் ஏறாத செலவும் உண்டு. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால், முதுகெலும்பில் நோய் பரவியவர் அதில் நின்றபடி பயணம் செய்ய இயலுமா? ஆட்டோதான். உடன் வரும் மகளுக்கு அன்றைய ஊதியம் போகும்.

வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றதும் கடைசி நாள்கள் என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. அது மருந்துகளோடு சேர்த்தே தொடங்க வேண்டியது. மார்பின் பெறுவதிலிருந்த சட்டச் சிக்கல்கள் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தளர்ந்தன. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சேவை வீட்டுக்கே வருகிறது. நகர்ப்புற அடுக்ககவாசிகளில் எத்தனை பேர் அதைக் கேட்டுப் பெறுகிறார்கள்?

கேட்காத பத்திய யோசனைகளைச் சொல்வதை நாம் நிறுத்தலாம். அடுத்த ஊசி எந்தக் கிழமை என்று கேட்கலாம். அன்று ஆட்டோவில் உடன் செல்ல அண்டை வீட்டார் ஒருவர் கிடைத்தால், அந்த மகள் வேலைக்குப் போவாள்.