போனது எத்தனை, வந்தது எத்தனை?

குன்னூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன், குளியலறையில் துண்டு உலர்த்தும் மின்கம்பிச் சட்டம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறாராம். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாளானாலும் துண்டு காயாத ஊர். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். “கீசர் பிளக்கிலேயே இதையும் செருகிக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. இந்தச் சட்டம் சுமார் 100 வாட், பழைய குண்டு பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். அதன் மெல்லிய வயருக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கீசரின் 16 ஆம்பியர் இணைப்பு அதைக் காப்பாற்றாது. குளியலறைக்குள் பிளக்கே வேண்டாம். வயரைச் சுவருக்குள் கொண்டுபோய், வெளியே ஃபியூஸ் உள்ள சுவிட்சில் நிரந்தரமாக இணைக்கச் சொல்லுங்கள். தொட்டி இல்லாத ஷவர் என்றால், அதன் வாயிலிருந்து 1.2 மீட்டர் தூரம் வரையுள்ள இடத்தை ஈர வட்டம் என்று சர்வதேச விதிகள் ஒதுக்குகின்றன. அதற்கு வெளியே மாட்டுங்கள். பெட்டியில் ‘ஐ.பி.எக்ஸ். 4’ என்று இருக்கிறதா பாருங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அதற்கு அர்த்தம்.

இவ்வளவும் வயர்மேனே சொல்வார். நான் சொல்ல வந்தது, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பற்றி.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பாத்திர அறை என் சித்தப்பா பொறுப்பு. உள்ளே என்ன சமையல், யாருக்கு எந்தப் பந்தி என்று எதுவும் அவருக்குத் தெரியாது. நோட்டோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். போன கரண்டி எத்தனை, வந்த கரண்டி எத்தனை? ஒன்று குறைந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்.

ஆர்.சி.சி.பி. செய்வதும் அதேதான். ஒரு காந்த வளையத்துக்குள் ஃபேஸ் போகிறது, நியூட்ரல் திரும்புகிறது. இரண்டும் சமமென்றால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். கொஞ்சம் மின்சாரம் ஈரச் சுவர் வழியாகவோ உங்கள் உடம்பு வழியாகவோ தரைக்கு நழுவினால் கணக்கு இடிக்கும். மிஞ்சிய காந்தம் விசையைத் தட்டிவிடும். வீட்டுக்கு வைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுவது. அளவு மீறி இழுத்தால் மட்டும் விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. அது கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆளைக் கொல்ல அந்த அளவே போதும்.

சித்தப்பாவையும் ஏமாற்றலாம். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், உங்கள் வழியாகப் போன கரண்டியும் ஒழுங்காகத் திரும்பிவிடும். கணக்கு நேர், அவர் சும்மா இருப்பார். எர்த் விஷயமும் முக்கியம். சட்டத்துக்கு நல்ல எர்த் இருந்தால், கசிவு ஏற்பட்ட உடனேயே கணக்கு இடித்துவிடும். இல்லையென்றால் உங்கள் கை படும்வரை அது காத்திருக்கும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. விடிகாலையில் கீசர் போட்டால் ‘டிரிப்’. வந்த வயர்மேன் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் அவரைப் பாராட்டிக்கொண்டே குளித்தோம். பிறகு பழுதுபார்த்தபோதுதான் கீசர் காயில் வெடித்திருந்தது தெரிந்தது. திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை விரட்டிவிட்டு, இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே வேண்டுமென்றே ஒரு கரண்டி திருடப்படும். கொஞ்சம் மின்சாரம் கணக்கில் வராத வழியில் திரும்பும். விசை உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் சுவரில் இருப்பது வெறும் அலங்காரம். வீடு கட்டிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். மாதம் ஒருமுறை கேஸ் ட்யூபைப் பார்ப்பதுபோல் இதையும் பார்க்கலாம். ஒரு நொடி வேலை.

குன்னூர் வாசகரே, சுவரில் துளை போடும் முன் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். வீடு இருண்டால் வேலையைத் தொடங்கலாம்.