மங்கிப்போன பலகைத் தரையைக் கழற்ற முன் ஒரு நிமிடம்

பழைய கட்டடங்களை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வியாபாரம் செய்யும் எமது வர்த்தகர்களில் பலர், மேல்மாடியில் மங்கிக் கறுத்த பலகைத் தரையைக் கண்டதும் எடுக்கும் முதல் முடிவு, "கழற்றிவிட்டு டைல்ஸ் பதிப்போம்" என்பதாகும். காலிக் கோட்டை, நுவரெலியா, கொழும்பு புறக்கோட்டை போன்ற இடங்களில் பழைய கட்டடம் வைத்திருப்போருக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல.

கழற்றப்படுவது பெரும்பாலும் தேக்கு, முதிரை போன்ற வைரமான மரம். அதே பலகையை இன்று மரக்காலையில் விலை கேட்டால்தான் அதன் பெறுமதி விளங்கும். மரச் சட்டங்களின் மேல் கொங்கிறீட்டும் டைல்ஸும் ஏற்றினால் பாரம் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட காலிக் கோட்டையில் இத்தகைய மாற்றங்களுக்கு முன்அனுமதியும் தேவை.

பெயின்ட், வார்னிஷ் வியாபாரத்தில் நீண்ட காலம் இருப்பவன் என்ற வகையில் ஒன்று சொல்கிறேன்: மங்கிய எல்லாத் தரைக்கும் புது வார்னிஷ் தேவையில்லை. முதலில் நோயை அறிய வேண்டும்.

பரிசோதனை

ஆட்கள் அதிகம் நடக்கும் இடத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்கள் முத்துப் போல நின்றால் பூச்சு நல்ல நிலையில் உள்ளது. அழுக்குத்தான் மங்கலுக்குக் காரணம். உறிஞ்சப்பட்டு மரம் கறுத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது.

அடுத்து, மூலையொன்றை நாணயத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். மெழுகு திரண்டு வந்தால் அதன் மேல் வார்னிஷ் பிடிக்காது. மெழுகை டேர்பன்டைன் கொண்டு முழுமையாக அகற்ற வேண்டும், அல்லது மெழுகையே மீண்டும் பூச வேண்டும்.

மூன்று வகை வேலை

முதலாவது, சுத்தம் செய்தல் மாத்திரம். இரண்டாவது, பூச்சு மேலாக மட்டும் தேய்ந்திருந்தால், மெல்லிய சேண்ட் பேப்பரால் இலேசாக உரசி, தூசைத் துடைத்து, ஒரு கோட் பூசுவது. இதுவே மலிவானது. மரம் வெளித்தெரிய முன் இதைச் செய்பவர் பெரிய செலவிலிருந்து தப்புகிறார்.

மூன்றாவது, முழுமையாக மெஷின் பிடித்தல். ஆணித் தலைகளை முதலில் உள்ளே இறக்க வேண்டும். 40 ஆம் நம்பர் போன்ற கரடான பேப்பரில் தொடங்கி, 60, 80 என்று 100 அல்லது 120 வரை, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். நம்பரைத் தாவிச் செல்லும் ஓடாவியின் கீறல்கள் வார்னிஷ் அடித்த பின்தான் பளிச்சென்று தெரியும். திடப் பலகையைப் பல தடவை இவ்வாறு புதுப்பிக்கலாம். மேலே மெல்லிய மர ஓடு ஒட்டிய பலகை ஒரு தடவை தாங்கினாலே பெரிது. லெமினேட் தரையைத் தேய்க்கவே கூடாது.

எந்த வார்னிஷ்?

எண்ணெய் வகைப் பொலியூரத்தேன் மரத்திற்கு மஞ்சள் சாயல் தரும், காய ஒரு நாள் வரை எடுக்கும், மணமும் கடுமை. நீர் வகை சில மணித்தியாலங்களில் காயும், நிறமும் மாறாது, ஆனால் விலை கூட. கடையை அதிக நாள் மூட முடியாதவருக்கு இரண்டாவதே இலாபம். மழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காய்ந்தாலும் முழுதாக இறுக நாட்கள் எடுக்கும். நீர் வகைக்கு ஓரிரு வாரம், எண்ணெய் வகைக்கு ஒரு மாதம் வரை கம்பளம் விரிக்கக் கூடாது.

உயிராபத்தான ஒரு விடயம்

ஆளி விதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்பு வைக்காமலேயே அவை சூடேறித் தீப்பிடிக்கும். இரவில் பூட்டிய கடைக்குள் இது நடந்தால் மிஞ்சுவது சாம்பல்தான். வேலை முடிந்ததும் துணிகளைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். வேலையாட்களிடம் விட்டுவிடாமல் முதலாளியே இதைப் பார்க்க வேண்டும். தேய்க்கும்போது முகமூடியும் அவசியம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும்.

பராமரிப்பு

பலகைக்கு முதல் எதிரி மணல், இரண்டாவது தண்ணீர், மூன்றாவது வெயில். வாசலில் நல்ல கால்மிதி போடுங்கள். தினமும் மென்மையான தும்புத்தடியால் கூட்டுங்கள். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் சவர்க்காரத் தூள் போடுவதும் வேண்டாம். நன்கு பிழிந்த துணி போதும். கதிரை, மேசைக் கால்களுக்குக் கீழே தடித்த கம்பளித் துண்டு ஒட்டுங்கள். வெயில் விழும் யன்னலுக்குத் திரைச்சீலை போடுங்கள்.

இறுதியாக, ஒப்பந்தம் பேசும்போது எத்தனை கோட், எந்த வகை வார்னிஷ், கடைசிப் பேப்பர் எத்தனையாம் நம்பர், எத்தனை நாள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் "கழற்ற வேண்டும்" என்றால் இன்னொருவரிடமும் கேளுங்கள். கழற்றிய பலகையைத் திரும்பப் பதிப்பவர் எவருமில்லை.