பனியிரவைப் பறிக்கும் விளக்குகள்

கனடா தேசத்து மாண்ட்ரியால் நகரில் 1840-களில் தோன்றிய பனிமிதியடிச் சங்கத்தார், வெண்கம்பளி அங்கியும் நீலக் குல்லாயும் தரித்து, கையில் தீப்பந்தம் ஏந்தி, 233 மீட்டர் உயரமுள்ள மவுண்ட் ராயல் குன்றின்மீது இரவு வேளையில் வரிசையாக ஏறிச் சென்று, வழியில் விடுதியொன்றில் உண்டு பாடிக் களித்துத் திரும்புவதைக் குளிர்காலத்தின் பிரதான உற்சவமாகவே கொண்டிருந்தனர். அந்நாட்டுப் பூர்வகுடிகள் ஆஷ் மரத்தை வளைத்துச் சட்டமாக்கித் தோல்வாரால் பின்னிய அந்த மிதியடி, உடலின் பாரத்தை அகன்ற பரப்பில் பகிர்ந்துவிடுவதால், வெறும் பூட்ஸ் முழங்கால்வரை புதைகிற இடத்திலும் மேலோடு நடக்க இடம் தருகிறது. ஆயினும் புதுப்பனியில் முதலில் செல்பவருக்கே சிரமம் அதிகம். அவர் மிதித்துத் தந்த தடத்தில் மற்றவர்கள் சுலபமாக வருவார்கள். அவர் களைத்ததும் அடுத்தவர் முன்னே போவார். துணையின்றித் தனியே போவதற்குரிய பிரயாணமல்ல இது.

ஸ்காட்லாந்திலிருந்து 1856-ல் அந்நகருக்கு வந்து குடியேறிய ஒளிப்படக்காரர் வில்லியம் நாட்மன், இந்தச் சங்கத்தாரையும் படமாக்கினார். இரவில் அல்ல, அக்காலத்து ஈரக் கொலோடியன் தகடுகளுக்கு நல்ல பகல் வெளிச்சம் வேண்டும், தகடு உலருமுன் படமெடுத்துக் கழுவியாகவும் வேண்டும். ஆகவே அவர் குளிர்காலத்தையே தம் ஸ்டூடியோவுக்குள் வரவழைத்தார்: உப்பைப் பரப்பித் தரையெல்லாம் பனியாக்கினார், மெருகிட்ட துத்தநாகத் தகட்டை உறைந்த நீராக்கினார், நெகட்டிவின்மேல் வெண்சாயம் தெளித்துப் பனிப்பொழிவை உண்டாக்கினார். பெருங்கூட்டமாயின், ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்து, உருவங்களைக் கத்தரித்து, தீட்டிய இயற்கைக் காட்சியின்மேல் ஒட்டி, முழுவதையும் மறுபடி படமாக்கினார். அந்தப் பொறுமையை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

நாட்மன் காலத்தில் இரவு இருந்தது, அதைப் பிடிக்கும் சாதனம் இல்லை; நமக்கோ சாதனம் வாய்த்திருக்கையில் இரவு பறிபோய்க்கொண்டிருக்கிறது. பூரண சந்திரனின் ஒளி சூரிய ஒளியில் ஏறக்குறைய 4,00,000-ல் ஒரு பங்கே என்றாலும், புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80-க்கு மேல் திருப்பியனுப்பிவிடுவதால், முக்காலியில் நிறுத்திய இன்றைய காமிரா, பனிமிதியடி அணிந்து உடன்வந்து அசையாது நிற்கும் நண்பர்களையும் அவர்களுக்குப் பின்னே நீளும் தடத்தையும் சில விநாடிகளில் பதித்துவிடும். (காமிராவின் ஒளிமீட்டரை நம்பினால் பனி சாம்பல் நிறமாகிவிடும், வெளிச்சம் பதியும் அளவை ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். மாற்றுப் பாட்டரியைச் சட்டைக்குள் உடற்சூட்டில் வைப்பது அவசியம்.)

ஆனால் பனி நிலவொளியை மட்டுமா திருப்பியனுப்புகிறது? வீதி விளக்கையும் விளம்பரப் பலகையையும் கூட மேலே எறிகிறது. மேகம் அதைத் திரும்பக் கீழே இறக்குகிறது. இப்படி இரண்டுக்கும் நடுவே பெருகிப் பெருகி, பெருநகரத்தை அடுத்த குன்றுகளில், மேகம் கவிந்த பனியிரவு கோடை இரவைக் காட்டிலும் பன்மடங்கு வெளுத்துக் கிடக்கிறது. அதிலிருந்து தப்பித் தொலைவுக்குப் போனாலும், கூட்டத்தில் ஒருவர் நெற்றியில் கட்டிய வெள்ளை விளக்கோடு திரும்பிப் பார்த்தால் போதும். இருளுக்குப் பழக 20, 30 நிமிஷம் எடுத்துக்கொண்ட அத்தனை கண்களும் மீண்டும் குருடாகின்றன. மங்கிய சிவப்பு விளக்கு இந்தக் கொடுமையைச் செய்வதில்லை. விளக்கின்றி நடப்பது அபாயம் என்பாரும் உண்டு. செங்குத்துச் சரிவில் அது நியாயமே.

மாண்ட்ரியால் இருக்கும் அதே க்யூபெக் மாகாணத்தில், 1978-ல் வானாய்வு நிலையம் அமைந்த மான்-மெகான்டிக் மலையைச் சுற்றி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் உள்ள ஊர்கள், விளக்குகளின் ஒளி மேலே சிதறாதபடி கவசமிடவும், நீலம் மிகுந்த வெளிச்சத்தைக் குறைக்கவும் விதிகள் செய்துகொண்டதன் பயனாக, 2007-ல் அப்பகுதி உலகின் முதல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அங்கீகாரம் பெற்றது. வானாய்வாளர் முயன்று பெற்ற அந்த இருளைக் கேட்கும் உரிமை ஒளிப்படக் கலைஞருக்கும் உண்டு. லென்சுக்கும் முக்காலிக்கும் பெருந்தொகை செலவிடுகிற நண்பர் குழாங்கள், தம் ஊர் நகராட்சியில் விளக்குத் திட்டம் விவாதத்துக்கு வருகிற நாளில், அந்தச் சபையில் போய் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசுவதை நான் அபூர்வமாகவே காண்கிறேன் என்பதுதான் என் தீராத வருத்தம்.