ஏரிக்கரை ஒளிப்படங்களை அளவு குறைத்துப் பகிர்தல்

இலக்கமுறை ஒளிப்படம் ஒன்றில் உள்ள பிக்சல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்லது குறைப்பது அளவு மாற்றம் எனப்படும். ஏரி, குளம், கண்மாய்க் காட்சிகளைப் படமெடுக்கும் ஆர்வலர்கள், இணையத்தில் பகிரும்முன் பெரும்பாலும் அவற்றைச் சிறிதாக்குகின்றனர். சிறிய கோப்பு விரைவில் பதிவேறும். பார்ப்பவரின் திரையிலும் விரைவில் திறக்கும். ஆனால் சிறிதாக்கும்போது நீங்கும் விவரங்கள் மீண்டும் வருவதில்லை. ஆகவே படியை மட்டுமே சிறிதாக்க வேண்டும்; மூலப்படத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

அளவு குறையும்போது நிகழ்வது

6000 × 4000 பிக்சல் கொண்ட படத்தில் மொத்தம் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் உள்ளன. இதை 1500 × 1000 ஆகக் குறைத்தால் 15 லட்சம் பிக்சல்களே எஞ்சும். நீளமும் அகலமும் நான்கில் ஒரு பங்காகும்போது பரப்பு பதினாறில் ஒரு பங்காகிறது. அதாவது, 16 பிக்சல்கள் இருந்த இடத்தில் ஒன்றே நிற்கும்.

வேடந்தாங்கல் ஏரியை எடுத்துக்கொள்வோம். நீருக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. கரையிலிருந்து எடுத்த படத்தில் ஒரு கரண்டிவாயன் 80 பிக்சல் நீளமும், அதன் அலகு நுனி 4 பிக்சல் அகலமும் இருப்பதாகக் கொள்வோம். மேற்கண்டவாறு குறைத்தபின் பறவை 20 பிக்சல் ஆகும். அலகு நுனி ஒரே பிக்சல் ஆகிவிடும். எந்தப் பறவை என்று காட்டும் அடையாளமே போய்விடுகிறது. அதே படத்தை மீண்டும் 6000 பிக்சலுக்குப் பெரிதாக்கினால் பிக்சல்கள் கூடும். அலகின் வடிவம் திரும்பாது.

ஏரிக் காட்சிகளில் கவனிக்க வேண்டியவை

* நீர்மட்டம்: நீர்ப்பரப்பு சாய்ந்திருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். முதலில் சாய்வைத் திருத்தி, பிறகு ஓரங்களை வெட்டி, அதன்பின் அளவைக் குறைப்பது நல்லது.
* விகிதம்: 6000 × 4000 என்பது 3:2 விகிதம். விகிதத்தை மாற்றி 1500 × 1500 என்று அமைத்தால் கரையிலுள்ள பனைமரங்கள் நெட்டையாகத் தோன்றும்.
* சிற்றலைகளும் கோரையும்: நெருக்கமான கோடுகள் உள்ள பகுதியில், சில பிக்சல்களை வெறுமனே விட்டுவிடும் முறையால் இல்லாத பட்டைகள் தோன்றலாம். அருகிலுள்ள பிக்சல்களையும் கணக்கில் கொள்ளும் பைகியூபிக், லான்சோஸ் போன்ற முறைகள் ஏற்றவை.
* வானமும் அமைதியான நீரும்: ஜேபெக் முறை படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. சுருக்கம் மிகுந்தால், நிறம் மெல்ல மாறும் இப்பகுதிகளில் கட்டங்கள் தெரியும். திருத்தித் திருத்திச் சேமித்தாலும் தரம் குறையும். எனவே ஒவ்வொரு முறையும் மூலப்படத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

எங்கே, எந்த அளவில்?

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அச்செயலி அதைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாமல் சேரும். விக்கிமீடியா பொதுவகத்தில் முழு அளவுப் படத்தையே பதிவேற்றலாம். கட்டுரைகளுக்குத் தேவையான சிறிய வடிவங்களைத் தளமே உருவாக்கிக்கொள்ளும். அச்சுக்கு, அங்குலத்திற்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் 6000 பிக்சல் 20 அங்குல அகலம் தரும். 1500 பிக்சல் 5 அங்குலமே தரும்.

கோப்பில் மறைந்திருக்கும் தகவல்

படக்கோப்பில் எடுத்த நாள், நேரம், கேமரா அமைப்புகள் ஆகியவை பதிவாகியிருக்கும். இட வசதி இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடமும் பதிவாகும். ஏரியின் நிலையைப் பதிவு செய்ய இது உதவும். ஆனால் வீட்டருகே எடுத்த படத்திலும், அரிய பறவையின் கூட்டைக் காட்டும் படத்திலும் பகிரும்முன் இடத் தகவலை நீக்குவது நல்லது. அளவைக் குறைப்பதால் மட்டும் அது நீங்கிவிடும் என்று கருதக்கூடாது.

மூலப்படத்தைப் பேணுதல்

அழகுக்காக எடுத்த படம் பின்னாளில் சான்றாகவும் ஆகலாம். நீர் எதுவரை நின்றது, மதகு எந்த நிலையில் இருந்தது, கரையில் எந்த மரங்கள் இருந்தன என்பவற்றைப் படமெடுத்தவர் அன்று கவனித்திருக்க மாட்டார். முழு அளவுப் படம் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதனால் குறைத்த படியை வேறு பெயரில் சேமிக்க வேண்டும். மூலப்படத்துடன் ஊர், ஏரி, நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பதும், அதன் இன்னொரு படியை வேறொரு வன்தட்டில் சேமிப்பதும் பயன் தரும்.