ஒற்றை எண் உரைக்கும் உண்மை

சோளிங்கரை உள்ளடக்கிய இராணிப்பேட்டை மாவட்டமும், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களும் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. பதனிட்ட தோலின் ஒரு துண்டு உரிய இழுவிசையைத் தாங்கினால் தேறியது, கிழிந்தால் தேறவில்லை. சோதிக்கும் கருவியே பழுதாகி நின்றுவிட்டால்? அத்துண்டைத் தேறியது என்றும் எழுத இயலாது. தேறவில்லை என்றும் எழுத இயலாது. 'சோதிக்கப்படவில்லை' என்பதே உண்மை. கணினியின் இயக்க அமைப்பைச் சோதிக்கும்போதும் இவ்வேறுபாட்டைப் பேணுவது இன்றியமையாதது.

கெர்னலும் சோதனையும்

இயக்க அமைப்பின் உட்கரு கெர்னல் எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளைக் காத்தல், வன்பொருளை இயக்குதல் ஆகியன அதன் பணிகள். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்க அமைப்பு, தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி மாணவர் கைகளை அடைந்தது. அதன் உட்கருவும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவும் லினக்ஸ் கெர்னலே. உலகெங்கும் பலர் திருத்தி வரும் இக்கெர்னலை ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் மனிதர் அமர்ந்து சோதித்தல் அரிது. எனவே, சோதனை நிரல்களின் தொகுதிகளைக் கணினியே இயக்கி முடிவைக் கணக்கிடுகிறது.

முடிவுக் குறியெண்

யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில், ஒரு நிரல் தன் பணி முடிந்ததும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்பது வெற்றி. பிற எண்கள் தோல்வி. வெற்றி ஒன்றே, தோல்விக்கோ காரணங்கள் பல என்பதால் இம்முறை பொருந்தியது. ஆயினும், எண்ணைக் கருத்தின்றிக் கையாண்டால் பொய் பிறக்கும். தோல்விகளின் எண்ணிக்கையையே குறியெண்ணாகத் தரும் நிரலில் 256 தோல்விகள் நேர்ந்தால், அவ்வெண் எட்டு பிட்டுகளுக்குள் அடங்காமல் 0 ஆகிவிடும். பெருந்தோல்வி முழுவெற்றியாகப் பதிவாகும்.

பொதுவிதியின் தேவை

லினக்ஸ் கெர்னலுடன் இணைந்துவரும் 'கேசெல்ஃப்டெஸ்ட்' தொகுதியில், தேவையான வசதி கணினியில் இல்லாதபோது பல சோதனைகள் 0 என்றே அறிவித்து வந்தன. நடைபெறாத சோதனையும் தேறியதாகக் கணக்கில் சேர்ந்தது. 2018ஆம் ஆண்டில் இக்குறை பரவலாகக் களையப்பட்டது. தேறியது 0, தேறவில்லை 1, தவிர்க்கப்பட்டது 4 என்னும் விதியைச் சோதனைகள் பின்பற்றலாயின.

எனினும், விதி ஒரு தொகுதிக்குள் மட்டும் நின்றால் போதாது. 'லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட்' என்னும் மற்றொரு தொகுதியில் 4 என்பது எச்சரிக்கையைக் குறிக்கும். சூழல் பொருந்தாமல் சோதனை நடைபெறவில்லை எனில் 32 என்னும் எண் வரும். இரண்டையும் ஒரே கருவி படித்தால், ஒன்றின் பொருளை மற்றொன்றுக்கு ஏற்றிவிடக்கூடும். ஆதலால், எந்த எண் எதனைச் சுட்டும் என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். எண்ணோடு ஒவ்வொரு சோதனையின் முடிவையும் தனித்தனி வரியாக எழுதும் 'டேப்' என்னும் வடிவமும் இக்குழப்பத்தைக் குறைக்கிறது.

குறை வெளிப்பட்டால் திருத்த வழியுண்டு. சோதிக்காததைத் தேறியதாகக் காட்டும் பதிவோ குறையை மறைத்துப் பயனரிடம் கொண்டு சேர்க்கிறது. சோதனையின் மதிப்பு வெற்றிகளின் எண்ணிக்கையில் இல்லை. 'தெரியவில்லை' என்பதையும் மறைக்காது அறிவிக்கும் நேர்மையில் உள்ளது.