பழகிடுச்சு மச்சி... ஆனா யாருக்கு?

ராத்திரி மணி பதினொண்ணு. ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் வால்யூம் எப்பவுமே டாப் கியர்தான். மாடி வீட்டில் யாரோ நாற்காலியை 'கர்ர்ர்' என்று இழுக்கிறார்கள். மெயின் ரோட்டில் லாரிக்காரர் ஏர்ஹாரனை ஒரு பிடி பிடிக்கிறார். அது முடிந்ததும் தெருநாய்கள் கச்சேரி. இத்தனைக்கும் நடுவில் நீங்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துத் தூங்கிவிடுகிறீர்கள்.

க்ரூப் ஸ்டடிக்கு வந்த நண்பன் மறுநாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்துபோய்க் கேட்கிறான். "எப்படிடா இந்தச் சத்தத்துல தூங்குற?"

"அதெல்லாம் பழகிடுச்சு மச்சி!"

பொய் இல்லை, நிஜமாகவே பழகியிருக்கும். ஆனால் யாருக்குப் பழகியிருக்கிறது என்பதில்தான் சிக்கல். உங்கள் மனசுக்குப் பழகிவிட்டது. உங்கள் இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் அது இன்னும் முழுசாகப் பழகவில்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

காதுக்கு ஏது இமை?

கண்ணை மூடினால் வெளிச்சம் போய்விடும். காதை அப்படி மூட முடியுமா? நாம் தூங்கினாலும் காது டூட்டியில்தான் இருக்கும். வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். திடீர்னு 'டமால்' என்று ஒரு சத்தம் வந்தால், 'ஆபத்தா இருக்குமோ' என்று மூளை உஷாராகிறது. அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சில நொடிகளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நீங்கள் கண் விழித்திருக்க மாட்டீர்கள். காலையில் கேட்டால் "சூப்பரா தூங்கினேன்" என்றுதான் சொல்வீர்கள்.

சாதாரணமாக ராத்திரி தூக்கத்தில் நம் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். பகல் முழுக்க ஓடிய இதயத்துக்குக் கிடைக்கிற ரெஸ்ட் அது. சத்தம் கை வைப்பது அந்த ரெஸ்ட் மேல்தான்.

ஒரே ராத்திரியில் அறுபது விமானம்!

ஜெர்மனியில் மைன்ஸ் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 75 பேர். எல்லோரும் நல்ல ஆரோக்கியமானவர்கள். சராசரி வயசு 26, கிட்டத்தட்ட நம்ம செட்டுதான்! லேபுக்கெல்லாம் வர வேண்டாம், அவரவர் வீட்டில் அவரவர் கட்டிலில் படுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ராத்திரி சத்தமே இல்லை. இன்னொரு ராத்திரி, பதிவு செய்த விமானச் சத்தம் 30 முறை. மற்றொரு ராத்திரி 60 முறை. சத்தத்தின் உச்சம் சராசரியாக 60 டெசிபல். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்கிற அளவுதான்.

காலையில் டெஸ்ட் எடுத்தார்கள். சத்தம் கேட்ட ராத்திரிகளுக்குப் பிறகு ரத்தத்தில் அட்ரினலின் கூடியிருந்தது. கையில் ஓடும் ரத்தக் குழாய் தேவைக்கு ஏற்ப விரிந்து கொடுக்கும் திறன் குறைந்திருந்தது. அதாவது இருபத்தாறு வயசு ரத்தக் குழாய் ஒரே ராத்திரியில் கொஞ்சம் 'டைட்' ஆகிவிட்டது.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. 30 விமானச் சத்தத்தை முதலில் கேட்டுவிட்டு, பிறகு வேறொரு ராத்திரி 60 கேட்டவர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகமாக இருந்தது. பழகியிருந்தால் குறைந்திருக்க வேண்டுமே? இங்கே கதை தலைகீழ்!

குறட்டையும் குற்றவாளிதான்

"எங்க வீட்டு மேல விமானமெல்லாம் பறக்கலையே பாஸ்" என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். லண்டன், ஏதென்ஸ், மிலன், ஸ்டாக்ஹோம் ஆகிய நான்கு நகரங்களின் விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் வசிக்கிற 140 பேரை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. 2008-ல் வெளியானது. தூங்கும்போது கையில் பி.பி. கருவி, படுக்கையறையில் ஒலிப்பதிவுக் கருவி. 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பி.பி. பதிவாகும். விமானச் சத்தம் வந்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 6 புள்ளி ஏறியது. தூங்கியவர் விழிக்காமல் இருந்தபோதும் ஏறியது.

சரி, மற்ற சத்தங்கள்? ரோட்டு வண்டிச் சத்தத்துக்கும் பி.பி. ஏறியது. பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டைக்கும் ஏறியது! சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது உடம்புக்குக் கவலை இல்லை. எவ்வளவு பலமாக வருகிறது என்பதுதான் கணக்கு.

ஒரு ராத்திரி ஏறி இறங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. அதுவே வருஷக்கணக்கில் தொடர்ந்தால்தான் சிக்கல். நாள்பட்ட ராத்திரிச் சத்தத்துக்கும் உயர் ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தூக்கம் சுருங்கினால்...

சத்தத்தால் தூக்கமே குறைந்துபோனால் அது தனி அத்தியாயம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை ஆறு ராத்திரிகள் வெறும் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் வயசானவர்களுக்கு இருப்பதுபோல மந்தமாகிவிட்டது. இது 1999-ல் வந்த ஆய்வு. 2015-ல் இன்னொன்று. 164 பேர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று ஒரு வாரம் அளந்துவிட்டு, மூக்கில் சளி வைரஸைச் சொட்டு மருந்துபோல விட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம். எக்ஸாம் நேரத்தில் மட்டும் சரியாக ஜலதோஷம் வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

எவ்வளவு வரைக்கும் ஓகே?

படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது, திடீர்ச் சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. 30 என்பது கிசுகிசுப் பேச்சு. நம் நாட்டில் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் எல்லை. அந்த நேரத்தில் வீடுகள் உள்ள இடத்தில் அவசரம் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது என்பதும் இப்போது விதி. சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ராத்திரி பைக்கில் 'படபட'வெனப் பறக்கும் நண்பர்களே, தெருவில் தூங்குகிற அத்தனை பேர் பி.பி.யும் உங்கள் ஆக்ஸிலேட்டரில்தான் இருக்கிறது!

நம்மால் முடிந்தது

* பத்து மணிக்கு மேல் டி.வி. பார்க்கிறவருக்கு ஒரு ஹெட்போன். தாத்தாவுக்குக் காது கேட்கவில்லையா? டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வால்யூம் தானாக இறங்கும்.

* கட்டிலின் தலைமாட்டை ரோட்டுப் பக்கச் சுவரிலிருந்து உள்பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். செலவு சைபர்.

* விடியற்காலை தண்ணீர் மோட்டாரையும் மிக்ஸியையும் ஆறு மணிக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். மோட்டாருக்கு அடியில் ரப்பர் ஷீட் வைத்தால் அதிர்வு குறையும்.

* நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். கீழ் வீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார்.

* செல்போனை வைப்ரேட்டில் போட்டு இரும்புக் கட்டிலில் வைக்காதீர்கள். சைலன்ட்டில் போட்டுத் தள்ளி வையுங்கள்.

* ஃபேனின் சீரான 'உய்ய்' சத்தம் அவ்வளவு தொல்லை தராது. திடீர்ச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கவும் செய்யும். ஆனால் 'கடக் கடக்' என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

* எதுவும் நடக்கவில்லையா? மெடிக்கல் ஷாப்பில் பஞ்சுபோன்ற இயர் பிளக் கிடைக்கும். சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் கேட்கிறதா என்று ஒருமுறை செக் பண்ணிக்கொள்ளுங்கள்.

* நள்ளிரவு தாண்டியும் ஸ்பீக்கர் அலறுகிறதா? முதலில் போய் நல்லவிதமாகப் பேசிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் போலீஸுக்கு போன்: 100 அல்லது 112.

கடைசியாக ஒரு வேலை. இன்று ராத்திரி அப்பா, அம்மா படுத்திருக்கும் ரூம் வாசலில் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். அப்பா பலமாகக் குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி தொடங்குகிறதா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அது அவருடைய இதயத்துக்கே நல்லதல்ல. 'வயசானா குறட்டை சகஜம்' என்று விடாமல் ஈ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்படியே அம்மாவிடமும் கேளுங்கள், "ராத்திரி நல்லா தூங்குறியாம்மா?" என்று. இருபத்தஞ்சு வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறவர் அவர். "எனக்கென்னடா... அதெல்லாம் பழகிடுச்சு" என்பார்.

நம்பிவிடாதீர்கள். அவருக்கும் ஒருமுறை பி.பி. பார்த்துவிடுங்கள்.