பர்மா போய் வந்த வாழைத்தண்டு: வடசென்னைத் தட்டில் இத்தனை கதையா, தெரியுமா?

சென்னை மாநகராட்சிக்குள் சடையங்குப்பம் என்று ஓர் ஊர் இருப்பது தெரியுமா? திருவொற்றியூர்க்காரரைக் கேட்டால் மேற்கே கை காட்டுவார். மணலிக்காரரைக் கேட்டால் கிழக்கே காட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்! 2011-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊராட்சிகளில் இதுவும் ஒன்று. பக்கத்தில் கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், தலையைத் தூக்கினால் ஆலைப் புகைபோக்கி. பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்தால் டி.வி.யில் அடிபடும் பெயர் இது. மற்ற நாட்களில் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் இங்கே ஒரு குடியிருப்புக்குப் பெயர் பர்மா நகர்! சாப்பாட்டு ராமன்களுக்கு வாயில் எச்சில் ஊற இந்த ஒரு பெயர் போதாதா?

ஏன் பர்மா? 1962 மார்ச் 2-ம் தேதி ரங்கூனில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்தில் கடை கண்ணிகள் அரசுடைமை ஆயின. 1964-ல் ஒரு நாள் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கல்லாவில் இருந்த பணம் காகிதமாகிவிட்டது! மூன்று நான்கு தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் லட்சத்துக்கும் மேல். வியாசர்பாடியிலும் எண்ணூர், மணலி பக்கத்திலும் குடியேறினார்கள். துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் பிழைக்கக் கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார். நகையையும் நோட்டையும் கொண்டுவர முடியவில்லை. நாக்கைக் கொண்டுவந்துவிட்டார்கள். எந்தச் சுங்க அதிகாரியால் அதைப் பறிமுதல் செய்ய முடியும்?

சரி, அந்த நாக்கோடு வந்த அத்தோ என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? தள்ளுவண்டிப் பலகையில் பார்த்துப் பார்த்துப் பழகிய பெயர்தான். பர்மிய மொழியில் அது கையால் கலந்து பிசைந்ததைக் குறிக்கும் சொல். அதாவது சாலட்! நாம் நூடுல்ஸ் என்று நினைத்து உள்ளே தள்ளுவது, அவர்கள் கணக்கில் பிசையல். அங்கே நூடுல்ஸைப் பிசைவார்கள், இஞ்சியைப் பிசைவார்கள், சமோசாவைக்கூட உடைத்துப்போட்டுப் பிசைவார்கள். எல்லாமே 'தோ'தான்.

அந்தப் பிசையலை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். வேகவைத்து ஆறவைத்த மஞ்சள் நூடுல்ஸ் ஒரு பிடி பேசினில் விழும். மெலிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம். ஒரு கரண்டி புளித்தண்ணி. வறுத்த பூண்டு, அந்தப் பூண்டு பொரிந்த எண்ணெய். உப்பு, மிளகாய்த்தூள், கொத்தமல்லி. மேலே பேஜோவை நொறுக்கிப் போட்டு நாலு புரட்டு. அடுப்பே கிடையாது! ஒரு நிமிடத்தில் தட்டு உங்கள் கையில். ஃப்ரைடு ரைஸ் மாஸ்டர் இரும்புச் சட்டியைத் தூக்கிப் போட்டுச் சத்தம் காட்டுகிற நேரத்தில் இங்கே மூன்று பேர் சாப்பிட்டுப் போயிருப்பார்கள்.

பேஜோ? அதுவும் பர்மியம்தான். 'பே' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. நம் தட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரங்கூனில் பருப்பு முழுசு முழுசாகத் தெரியும், இங்கே வண்டிக்கு வண்டி மாறும்.

இனிதான் எனக்குப் பிடித்த சங்கதி. அத்தோ வாங்கினால் கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றித் தருகிறார்களே, அது யார் தெரியுமா? பர்மாவின் தேசிய உணவு என்றே சொல்லப்படுகிற மொய்ங்காவின் குழம்பு! மீனை வேகவைத்து, வாழைத்தண்டு போட்டு, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, விடிந்ததும் விடியாததுமாக ரங்கூன்காரர்கள் சாப்பிடும் காலைப் பலகாரம் அது. கப்பல் ஏறிச் சென்னை வந்ததும் அதற்கு நேர்ந்ததைப் பாருங்கள். காலையில் இட்லி இருக்கிறது, அசைக்க முடியாது. அதனால் சாயங்காலத்துக்குத் தள்ளப்பட்டது. பல வண்டிகளில் மீன் கழன்றுகொண்டது. கடைசியில் அத்தோவுக்குத் துணைக்கு நிற்கிற ஓசி சூப் ஆகிவிட்டது. அங்கே ராஜா, இங்கே இலவச இணைப்பு! ஆனாலும் ருசி தெரிந்தவர்கள் அத்தோவை மறந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்துண்ணா" என்று கிண்ணத்தை நீட்டுவார்கள். நானும் அந்தக் கட்சி.

உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற முறை வேறு, கவனியுங்கள். முதலில் சூப்பை ஒரு வாய் குடிப்பார்கள். பிறகு பாதி சூப்பை அத்தோவின் மேலேயே ஊற்றிக்கொள்வார்கள். காய்ந்த பிசையல் ஒரே நொடியில் குழம்பு நூடுல்ஸ் ஆகிவிடும், ஒரு காசுக்கு இரண்டு பலகாரம். பேஜோவை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி, நமத்துப்போகிற முன் சூப்பில் தொட்டுக் கடிக்க வேண்டும். புளி கூட, காரம் கம்மி, பூண்டு தூக்கலாக என்று பிசைய ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிசைந்த பிறகு சொன்னால் கடைக்காரர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு!

அதே அத்தோ வண்டியில் தருகிற மசாலா முட்டையைத் தின்னத் தெரியுமா? சிரிக்காதீர்கள், அதற்கும் முறை உண்டு. அவித்த முட்டையின் வயிற்றைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணி எல்லாவற்றையும் திணித்துத் தருவார்கள். பாதி கடித்து மீதியைத் தட்டில் வைத்தால் மசாலா முழுக்கச் சட்டையில். முழு முட்டையும் ஒரே வாயில் போக வேண்டும். முதல் தடவை கண்ணில் தண்ணீர் வந்தால் கவலைப்படாதீர்கள், எல்லாருக்கும் வந்ததுதான்.

எங்கே போவது? சடையங்குப்பத்துக்கு கூகுள் நட்சத்திரம் பார்த்துப் போகாதீர்கள். இங்கே சாப்பாடு பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் தெருமுனையிலும் நடக்கிற சமாசாரம், நாலு பேரைக் கேட்டுத்தான் போக வேண்டும். முதல்முறைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் பர்மா பஜாருக்குப் பின்னால் இருக்கிற செகண்ட் லைன் பீச் சாலையில் ஆரம்பியுங்கள். வரிசையாக அத்தோ வண்டிகள். அங்கே நாக்குப் பழகிய பிறகு வியாசர்பாடி. கூட்டத்தில் யார் முகத்தில் அவசரம் இல்லையோ, அவர் நிற்கிற வண்டிதான் சரியான வண்டி. அவர் அநேகமாக அந்தத் தெருக்காரராக இருப்பார். சில்லறை கொண்டுபோங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

நாம் மட்டும்தான் வாங்கிக்கொண்டோம் என்று நினைக்கிறீர்களா? தெரியுமா, பர்மாவில் தோசைக்குப் பெயர் 'தோஷே'! பரோட்டாவுக்குப் பெயர் 'பலாத்தா'! ரங்கூன் தெருக்களில் இன்றும் சுடச்சுடக் கிடைக்கிறது. இன்னும் வேடிக்கை வேண்டுமா? வந்தவர்களில் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. தரைவழியாக பர்மாவுக்கே திரும்பிப் போகலாம் என்று கிளம்பி, மணிப்பூரின் எல்லை ஊரான மோரேவில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, இட்லி தோசை கிடைக்கிறது. சென்னையில் மொய்ங்கா, மோரேவில் இட்லி. எல்லைக் கல்லுக்கு வயிற்றுப் பசி தெரியுமா என்ன!

நூடுல்ஸை விடுங்கள், தண்ணீர்ப் பக்கம் வாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரமும் அதற்கு வடக்கே பழவேற்காடும் இறாலுக்கும் நண்டுக்கும் பேர் போனவை. வலை இல்லாமல், தூண்டில் இல்லாமல் இறால் பிடிக்கிறவர்கள் இருப்பது தெரியுமா? பழவேற்காட்டில் இருளர் பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி எறாவைப் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கிறதே, பிடித்ததை எங்கே போடுவது? பனையோலையில் முடைந்த 'பறி' என்ற கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள்! மணிக்கணக்கில்! அவர்கள் ஒரு விலை சொல்லும்போது நாம் குறைத்துப் பேரம் பேசுகிற எறா இதுதான்.

இந்தக் கழிமுகத்துக்குக் கூப்பிடாமலே வந்த விருந்தாளியைப் பற்றித் தெரியுமா? காக்கா ஆழி! கன்னங்கரேலென்று ஒரு சிப்பி. சொந்த ஊர் தென் அமெரிக்கா. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள். ஆற்றடியில் பாய் விரித்த மாதிரி பரவி, இறால் புதைந்து வாழும் மண்ணை மூடிவிட்டது. உள்ளூர் மஞ்சள் மட்டிக்கும் அதே கதி. இதோடு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் வேறு கலந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. பிடித்த மீனை வாங்க ஆள் இல்லாமல் அவர்கள் நின்றதைப் பார்த்த பிறகு, "எண்ணூர் எறா இப்ப முன்ன மாதிரி வர்றதில்லப்பா" என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இறாலா எண்ணெயை ஊற்றிக்கொண்டது?

கடல் மீனுக்குக் காசிமேடு. இதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் குஞ்சு பொரிக்கிற காலம். அந்த நாட்களில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு மயங்கி விழாதீர்கள். ஃபைபர் படகுகள் கரையோரம் போய்வரும், அவர்கள் கொண்டுவருகிற சின்ன மீன்தான் அப்போது புத்தம்புதுசு. நெத்திலி, கிழங்கான், காரப்பொடி. காரப்பொடிக்கும் மிளகாய்ப்பொடிக்கும் சம்பந்தம் இல்லை, அது மீன் பெயர்! முள் அதிகம், விலை கம்மி, குழம்பு வைத்தால் சட்டியை வழித்து நக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், மீனைவிட ஆள் அதிகம். வாரநாளில் விடியற்காலை போய், செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி, பக்கத்திலேயே வெட்டித் தருகிற அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். "இன்னா கண்ணு, கொழம்புக்கா வறுக்கவா?" என்று கேட்பார். முன்யோசனையோடு போங்கள், யோசித்து நிற்க நேரம் தரமாட்டார்.

மீன்குழம்பென்றதும் ஒன்று. ராயபுரம், காசிமேடு பக்கம் காலையில் இட்லிக்கு நேற்று வைத்த மீன்குழம்புதான் முதல் மரியாதை. சட்னி, சாம்பார் எல்லாம் விருந்தாளிக்கு. சந்துமுனையில் ஆயா கடை தெரிந்தால் தயங்காமல் உட்காருங்கள். எட்டு மணிக்கு மேல் போனால் ஆயாவும் இருக்க மாட்டார், குழம்பும் இருக்காது.

ஒரு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியின் பெயர் இருந்தது தெரியுமா? ஸ்டான்லிதான்! 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்கு இங்கே மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அதை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர்கள் வாயில் அது வெகுகாலம் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. அதே நகரத்தில் 2013-ல் அம்மா உணவகம் வந்து, ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கரும்பின் நுனி இனிக்குமா? நுனியை நோக்கிப் போகப் போக உப்புச்சப்பில்லாமல் போகும், சரிதானே. பட்டினத்தார் கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராகத் திரிந்தாராம். அதன் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி. எங்கே இனித்தது தெரியுமா? நம்ம திருவொற்றியூரில்! அவர் சமாதி கடலோரத்தில் இருக்கிறது. வடசென்னைக்கு இதைவிடப் பெரிய சாப்பாட்டு விமர்சனம் யார் எழுத முடியும்?

போகும் வழி சுலபம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. விம்கோ என்பது தீப்பெட்டி கம்பெனியின் பெயர், ஸ்டேஷனுக்கே ஒட்டிக்கொண்டது! இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி சடையங்குப்பம். மழைக்காலத்தில் மட்டும் கிளம்பும் முன் அங்கே தெரிந்தவர் யாருக்காவது போன் போட்டுத் தண்ணீர் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிறு நிறைந்ததும் டீ குடிக்கத் தோன்றும். பர்மாவில் டீயைக் குடிப்பது மட்டுமல்ல, தின்னவும் செய்வார்கள், தெரியுமா? தேயிலையைப் புளிக்கவைத்து, பூண்டு, வேர்க்கடலை, எள்ளு போட்டுப் பிசைந்து ஒரு 'தோ'. அத்தோ வந்தது, பேஜோ வந்தது, மொய்ங்கா வந்தது, இது மட்டும் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. போன மாதம் ஒரு டீக்கடையில் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு வடிகட்டியில் கிடந்த தேயிலைத் தூளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சக்கர கம்மியா, ஸ்ட்ராங்கா?" என்றார்.